டவர் ஸ்பீக்கரில் தவிலின் தொப்பிச் சத்தம் கேட்கவில்லை, என்ன செய்யலாம்?

மண்டபம்_டீசல்:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஜூன் 14 வரை படகெல்லாம் கரையில்தான், பகலில் இன்ஜின் இறக்கி ஏற்றுகிற வேலை போக சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கிறது. மதுரையில் ஒருவரிடம் பழைய டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். ஒவ்வொன்றிலும் பேஸ் தருகிற ஆறரை இன்ச் வூஃபர் இரண்டு, பின்பக்கம் காற்று வருகிற ஓட்டை. ரிசீவர் வீட்டில் ஏற்கெனவே இருந்த 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கட்டுகிற ஆம்ப். அதோடு இருந்த சப்வூஃபர், அடி பேஸுக்கென்றே இருக்கிற தனிப் பெட்டி, போன மழைக்காலத்தில் செத்துவிட்டது, கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

மதுரையில் அவர் வீட்டில் போட்டுக் காட்டியபோது நெஞ்சில் வந்து இடித்தது. இங்கே அதே ஸ்பீக்கர், அதே பாட்டு, தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. எங்க அப்பா கோயில் கச்சேரிகளில் தவில் வாசித்தவர், இப்போது கை நடுக்கம், வாசிப்பதில்லை, கேட்பது மட்டும்தான். அவருக்காகத்தான் இதை வாங்கியதே. ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "வலந்தலை மட்டும்தான் கேக்குது, தொப்பி எங்கடா போச்சு" என்று கேட்டார். வலந்தலை என்பது தவிலின் வலப்பக்கம், தொப்பி என்பது குச்சியால் அடிக்கிற இடப்பக்கம், பேஸ் அதில்தான். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ஹால் 20 அடிக்கு 14 அடி, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. டிவி நீளச் சுவரில். வூஃபர் முகம் சுவரிலிருந்து 3 அடி தள்ளி வருகிற மாதிரி வைத்திருக்கிறேன், தள்ளி வைத்தால்தான் நல்லது என்று சொன்னார்கள். சோபா ஹாலின் நடுவில். ரிசீவரில் பேஸை +6 வரை ஏற்றிப் பார்த்தேன், ஆண்கள் பேசுவது கரகரவென்று ஆனதுதான் மிச்சம். புது ஆம்ப் வாங்கணுமா, புது சப் வாங்கணுமா? தடைக்காலம் முடியும்வரை கையில் பெரிய காசு இல்லை.

ராம்நாடு_பேஸ்:

சப் இல்லாமல் ஹோம் தியேட்டரா? ஆறரை இன்ச்சில் என்ன வரும். 10 இன்ச் சப் ஒன்று போடுங்கள், வேலை முடிந்தது.

கீழக்கரை_கருப்பட்டி:

தம்பி, காசைச் செலவழிக்காதீர்கள். மதுரையில் நெஞ்சில் இடித்த ஸ்பீக்கர் மண்டபத்துக்கு வந்ததும் இடிக்கவில்லை என்றால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை, கட்டுகிற இடத்தில் ஏதோ இருக்கிறது.

முதலில் டவரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். வயர் செருகுகிற டெர்மினல் இரண்டு ஜோடியா? அப்படியென்றால் மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் சேர்த்து ஒரு சின்னப் பித்தளைப் பட்டை இருக்கும், ஜம்பர் என்பார்கள். வயரை மேல் ஜோடியில் கட்டியிருந்தால் வூஃபருக்குக் கரண்ட் போவது அந்தப் பட்டை வழியாகத்தான். பட்டை தளர்ந்திருந்தால் மேல் சத்தம் தருகிற சின்ன ட்வீட்டர் மட்டும் பாடும். எனக்கு நடந்தது இதுதான். எங்கள் வீடு கீழக்கரையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய கனத்த சுவர் வீடு. கொண்டல் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கம்பியில் விரலை வைத்து நாக்கில் தொட்டால் உப்புக் கரிக்கும். ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தேன், இடது டவரில் அந்தப் பட்டைக்கும் திருகுக்கும் நடுவில் பச்சையாகக் களிம்பு பூத்துக் கிடந்தது, திருகைக் கழற்றினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு பக்கம் வூஃபரே வேலை செய்யவில்லை, அது தெரியாமல் நாலு மாதம் ஆம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மெல்லிய உப்புத்தாள் எடுத்து பட்டை, திருகு இரண்டையும் பளபளக்கத் தேயுங்கள், துடைத்துவிட்டு இறுக்குங்கள். புளி போட்டு விளக்காதீர்கள், குத்துவிளக்குக்கு அது சரி, இங்கே புளிப்பு உள்ளே தங்கிவிட்டால் மறுபடி அரிக்கும். வயர் நுனியும் கறுத்திருந்தால் ஒரு இன்ச் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக உரித்துக் கட்டுங்கள். உரித்த இழையைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், கடற்கரையில் அது தாங்காது. படகு வேலை பார்ப்பவர் உங்களுக்கு ஈயம் பூசிய செம்பு வயர் தெரியாமலிருக்காது, அது கிடைத்தால் அதையே போடுங்கள்.

அப்புறம் பிளஸ் மைனஸ். ஒரு டவரில் மட்டும் மாறியிருந்தால் ஒரு வூஃபர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், நடுவில் உட்கார்ந்தவனுக்கு பேஸ் சுத்தமாக அடிபட்டுப் போகும், பாட்டு மட்டும் ஏதோ கேட்கும். இரண்டு வயரையும் ரிசீவரிலிருந்து கழற்றுங்கள், ரிமோட்டில் போடுகிற 1.5 வோல்ட் பேட்டரியை வயர் நுனியில் ஒரு வினாடி தொடுங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் வூஃபர் முன்னால் வரும். இரண்டு டவரும் ஒரே மாதிரி நகரவேண்டும்.

தேவிபட்டினம்_அலை:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னதை முதலில் முடித்துவிடுங்கள் அண்ணே, அதைச் செய்யாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. நான் இந்தப் பக்கம் வீடுகளில் ஹோம் தியேட்டர் கட்டிக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன், உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது பரணில் கிடக்கிற அந்தச் செத்த சப். அதைக் கழற்றினீர்கள் சரி, ரிசீவரிடம் சொன்னீர்களா? ஸ்பீக்கர் செட்டிங்குக்குள் போய் சப்வூஃபர் 'எஸ்' என்றே இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்து முன் ஸ்பீக்கர் 'ஸ்மால்', கிராஸோவர் 80 ஹெர்ட்ஸ் என்றும் இருந்தால், 80-க்குக் கீழே உள்ள சத்தத்தை ரிசீவர் டவருக்கு வடிகட்டித்தான் அனுப்பும். மீதியெல்லாம் பின்னால் ஒன்றும் செருகாத அந்தச் சப் ஓட்டைக்குப் போய்விடும். நீங்கள் +6 வைத்தாலும் +10 வைத்தாலும் இல்லாத சப்புக்குத்தான் படையல். சப்வூஃபர் 'நோ', முன் ஸ்பீக்கர் 'லார்ஜ்' என்று மாற்றுங்கள். படம் பார்க்கும்போது 5.1-இல் அந்தப் புள்ளி ஒன்றுக்குரிய சத்தமும் அப்போது டவருக்கே வந்துவிடும். பேஸைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள்.

அடுத்தது இடம். நம்ம ஊர் 30 டிகிரி வெக்கையில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,145 அடி ஓடும். வூஃபரிலிருந்து பின்னால் போன அலை சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது இல்லையா, வூஃபருக்கும் சுவருக்கும் உள்ள தூரம் அலை நீளத்தில் கால் பங்காக இருந்தால் திரும்பி வந்தது முன்னால் போவதற்கு நேர் எதிராகச் சேர்ந்து அதை அமுக்கிவிடும். உங்கள் 3 அடிக்கு அலை நீளம் நாலு மடங்கு, 12 அடி; 1,145-ஐ 12-ஆல் வகுங்கள், 95 ஹெர்ட்ஸ். தோல் வாத்தியத்தின் குத்து இருக்கிற இடத்திலேயே பள்ளம். டவரைப் பின்னால் தள்ளுங்கள், ஓட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் போதும். பெட்டியின் ஆழமும் சேர்த்து வூஃபர் சுவரிலிருந்து இரண்டடிக்குள் வந்துவிடும். பள்ளம் மேலே 150 பக்கம் நகர்ந்துவிடும், அதற்குக் கீழே சுவரே கைகொடுக்கும். மூலைக்குள் திணிக்காதீர்கள், அது அண்டாவுக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

சோபா நடுவில் இருப்பதுதான் இன்னொரு வில்லங்கம். 14 அடி அகலத்தில் எதிரெதிர்ச் சுவருக்கு நடுவே நின்றாடுகிற அலையின் நீளம் இரண்டு மடங்கு, 28 அடி; 1,145-ஐ 28-ஆல் வகுத்தால் 41 ஹெர்ட்ஸ். அது சுவரோரம் கொழுத்திருக்கும், சரி நடுவில் ஒன்றுமே இருக்காது. அப்பா உட்காருவது அந்த ஒன்றுமில்லாத கோட்டில். போனில் 40, 60, 80 என்று ஒற்றை ஸ்வரச் சத்தம் கிடைக்கும், சத்தத்தைக் குறைத்து வைத்து ஓடவிட்டு ஹாலில் மெல்ல நடந்து பாருங்கள். அதிகமாக வைத்தால் வூஃபர் எகிறி அடிபடும், கவனம்.

@ராம்நாடு_பேஸ், சப் போட்டால் இன்னும் கீழே இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் தவில் கேட்க சப் தேவையில்லை, ஆறரை இன்ச் இரண்டு தாராளம்.

மண்டபம்_டீசல்:

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடுவில் ஒரு கியர்பாக்ஸ் மாட்டிக்கொண்டது.

காக்கா, பிளஸ் மைனஸ் சரியாகத்தான் இருந்தது. பேட்டரி வைத்ததும் இரண்டும் முன்னால் வந்தன. பட்டை மட்டும் வலது டவரில் கையால் ஆட்டினாலே ஆடியது, மதுரையிலிருந்து வேனில் வந்த குலுக்கலாக இருக்கும், களிம்பும் லேசாக இருந்தது. இன்ஜின் வேலைக்கு வைத்திருந்த உப்புத்தாளாலேயே தேய்த்து இறுக்கினேன். இடது டவரின் பின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஓரத்தில் குளவி மண்கூடு, கட்டை விரல் அளவு, அதையும் ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். முழுதாக அடைக்கவில்லை, ஆனாலும் காற்று போகிற வழியில் அது எதற்கு.

ரிசீவரில் தேவிபட்டினம் சொன்ன மாதிரியே சப் 'எஸ்', கிராஸோவர் 80. சப் செத்ததிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. 'நோ' போட்டு 'லார்ஜ்' வைத்த நிமிடமே பாதி வேலை முடிந்துவிட்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்புறம் 40 ஹெர்ட்ஸ் போட்டு நடந்தேன். ஹால் நடுவில் ஏதோ சுவிட்ச் அணைத்த மாதிரி காணாமல் போகிறது, இரண்டு எட்டு பின்னால் வைத்தால் காதுக்குள் வந்து நிற்கிறது, 80 மட்டும் நடுவிலேயே நன்றாகக் கேட்கிறது. இத்தனை வருடம் அந்த ஹாலில் நடந்திருக்கிறேன், இது தெரியாது. டவரை ஒரு சாண் இடைவெளிக்குத் தள்ளி, சோபாவைப் பின் சுவரிலிருந்து இரண்டடிக்குக் கொண்டுபோனேன்.

நேற்று ராத்திரி அப்பாவை உட்கார வைத்து ஒரு நாதஸ்வரக் கச்சேரி போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது கை சோபா கைப்பிடியில் குச்சி பிடிக்கிற மாதிரி மடங்கி தாளம் தட்ட ஆரம்பித்தது. தொப்பிக் கை.

ஒன்று மட்டும் பாக்கி. ஜன்னலை மூடினால் சில சினிமாப் பாட்டில் ஒரு ஸ்வரம் மட்டும் 'பூம்' என்று இழுத்துக்கொண்டு நிற்கிறது. திறந்து வைத்தால் குறைகிறது. ஒரு இன்ச் ஸ்பாஞ்சு அட்டை ஒட்டினால் போகுமா?

தேவிபட்டினம்_அலை:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது அண்ணே. ஒரு இன்ச் ஸ்பாஞ்சு எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், பேஸை ஒன்றும் செய்யாது, காசு தண்டம். 41 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 28 அடி, அதற்கு ஒரு இன்ச் எம்மாத்திரம். ஜன்னல் திறந்தால் குறைவது பேஸ் வெளியே போய்விடுவதால்தான், கான்கிரீட் சுவர் அதை உள்ளேயே உருட்டிக்கொண்டிருக்கும். காசு செலவில்லாமல் செய்வதென்றால் சோபாவை அரையடி அரையடியாக முன்னால் நகர்த்திப் பாருங்கள், பூம் அடங்கி தொப்பி கெடாத ஒரு இடம் வரும். அதுவும் போதாவிட்டால் இரண்டு ஓட்டையிலும் ஒரு பழைய காலுறையைச் சுருட்டித் தளர்வாகச் செருகுங்கள், பேஸ் கொஞ்சம் குறைந்து இறுக்கமாகும், பிடிக்காவிட்டால் உருவிவிடலாம். பிற்பாடு காசு வரும்போது நாலு இன்ச் கனத்துக்கு ராக்வுல் (பாறையிலிருந்து செய்கிற பஞ்சுப் பலகை) வாங்கி, துணி சுற்றி மூலையில் நிறுத்தலாம்.

கீழக்கரை_கருப்பட்டி:

அப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்கள் தம்பி. இன்னொன்று, பழைய டவர் என்பதால் வூஃபரைச் சுற்றியிருக்கிற வளையத்தை விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் கவலையில்லை. ஸ்பாஞ்சு மாதிரி ஃபோம் என்றால் இந்த ஈரத்தில் சில வருடங்களில் பிசுபிசுத்து உதிரும், அப்போது பேஸ் மறுபடி போகும். வளையம் மட்டும் தனியாக மாற்றலாம், வூஃபரைத் தூக்கிப் போடவேண்டாம். பெட்டி ஆடுகிறது என்று அடியில் கடல் மண் மூட்டை வைத்துவிடாதீர்கள், உப்பு ஈரத்தை இழுத்துப் பலகையை ஊதவைத்துவிடும்.

மண்டபம்_டீசல்:

தொட்டுப் பார்த்தேன் காக்கா, ரப்பர்தான். அப்பா நாளைக்கு அவருடைய பழைய கேசட் எல்லாம் எடுக்கச் சொல்லியிருக்கிறார், இப்போது டெக் தேடவேண்டும்.