ஷாத்தோநெஃப்-து-பாப் ஒயினின் குணம் அந்தக் கற்களிலிருந்து வருகிறதா?

கானாடுகாத்தான் ஆச்சி:
எங்கள் பழைய வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் விடுதியாக நடத்தி வருகிறோம். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் சிலர் ஷாத்தோநெஃப்-து-பாப் என்னும் சிவப்பு ஒயினைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். அதன் தோட்டங்களைப் படத்தில் பார்த்தால், மண்ணே தெரியாதபடி உருண்டைக் கற்கள் பரவிக் கிடக்கின்றன. அக்கற்களின் சுவையே ஒயினில் இறங்குகிறது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அது உண்மையா? உண்மையென்றால், செம்பூராங்கல் நிறைந்த நம் நிலத்துக்கும் அப்படி ஒரு குணம் வாய்க்குமா? மிளகு தூக்கலான நம் கோழி வறுவலுடன் அதைப் பரிமாறலாமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவிஞோன்வாசி:
ஆச்சி அவர்களுக்கு வணக்கம். கல்லின் சுவை ஒயினில் இறங்குவதில்லை. பிரான்சின் ரோன் ஆறு ஆல்ப்ஸ் மலையிலிருந்து உருட்டிக் கொண்டுவந்த குவார்ட்சைட் என்னும் கடினமான கற்கள் அவை. வேர் அவற்றைக் கரைத்துக் குடிப்பதில்லை. உச்சிவெயிலில் காய்ந்த வளவுத் தரை இரவிலும் சுடுவதுபோல, பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடிக்குத் திருப்பித் தருவதும், அடியிலுள்ள செங்களிமண்ணின் ஈரம் ஆவியாகிவிடாமல் காப்பதுமே அவற்றின் வேலை. அதனால் பழம் நன்றாக முற்றிச் சர்க்கரை ஏறுகிறது; அந்தச் சர்க்கரையே ஒயினில் ஆல்கஹாலாகிறது. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆல்கஹால் 12.5 விழுக்காடுதான் என்றாலும், இப்போது 14.5, 15 என்பது இங்கே சாதாரணம். வெப்பம் கூடிவரும் இக்காலத்தில் அந்த இரவுச் சூடு வரமா தொல்லையா என்பது வேறு கேள்வி.

கற்கள் படத்துக்கு அழகாக இருப்பதால் பெயர் வாங்கிவிட்டன என்பதே என் எண்ணம். இந்த ஒயினுக்கென வகுத்த அதே எல்லைக்குள் மணல் நிலமும் சுண்ணாம்பு நிலமும் உண்டு. பெரும் புகழ்பெற்ற ஷாத்தோ ராயாஸ் தோட்டம் மணலில்தான் இருக்கிறது. அதன் ஒயின் கனமாக இராமல் மென்மையும் நறுமணமும் கொண்டது. குணத்தின் பெரும்பங்கு கிரெனாஷ் திராட்சைக்கு உரியது. இந்த ஒயினுக்கான விதிகள் 13 திராட்சை வகைகளை அனுமதிக்கின்றன. நிற வேறுபாடுகளைத் தனித்தனியே எண்ணினால் 18. வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரால் காற்று கொடியை உலர்த்திப் பூஞ்சையை விரட்டுகிறது. அக்காற்றைத் தாங்கவே கிரெனாஷ் கொடியைப் பந்தலில் ஏற்றாமல், தரையோடு குட்டையான புதராக வெட்டி வளர்க்கிறார்கள். இவற்றோடு விதியின் கண்டிப்பையும் சேர்க்க வேண்டும். 1923-இல் அவ்வூர்த் தோட்ட உரிமையாளர் பாரன் லெ ருவா முன்னின்று வகுத்த விதிகள், லாவெண்டர், தைம் என்னும் நறுமணச் செடிகள் வளரக்கூடிய வறண்ட நிலத்தையே எல்லைக்குள் சேர்த்தன. பழத்தை இன்றும் கையால்தான் பறிக்க வேண்டும். ஹெக்டேருக்கு 3,500 லிட்டர் என்பதே அடிப்படை விளைச்சல் வரம்பு.

தேவகோட்டை விவசாயி:
செம்பூராங்கல்லை அதனோடு ஒப்பிட முடியாது, ஆச்சி. அது ஆறு கொண்டுவந்து சேர்த்த கல்லன்று. வெப்பமும் மழையும் பாறையை இருந்த இடத்திலேயே சிதைத்ததால், சத்தெல்லாம் கழுவப்பட்டு இரும்பு எஞ்சி இறுகியது. அதைவிடப் பெரிய தடை நம் பருவம். திராட்சைக் கொடி அங்கே குளிர்காலம் முழுவதும் உறங்குகிறது; இங்கே அதற்கு உறக்கமே கிடையாது. கவாத்து செய்து காய்க்க வைக்கலாம், ஆனால் அது வேறொரு பழமாகவே இருக்கும்.

காரைக்குடி சமையற்காரர்:
மிளகுக் கோழியுடன் வேண்டாம் என்பேன். ஆல்கஹால் கூடிய ஒயின் காரத்தை மேலும் எரிய வைக்கும். விருந்தினர் இரண்டையும் குறை சொல்வார்கள். காரத்தைக் குறைத்து, சோம்பும் பட்டையும் மணக்க வைத்த ஆட்டுக்கறி பொருந்தும், ஏனெனில் கிரெனாஷிலும் அத்தகைய மசாலா வாசம் உண்டு. அறைச் சூட்டிலேயே ஊற்றிவிடாதீர்கள். அவர்கள் சொல்லும் அறைச் சூடு 16, 17 பாகை. நம் கோடையில் அது 35-ஐத் தாண்டும், அப்போது சாராய நெடி மட்டுமே மேலே வரும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் குளிர்பெட்டியில் வைத்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.