புது ரோடு பைக்: சோராவா, டியாக்ராவா, ஏபெக்ஸா? புதுச்சேரி - கடலூர் பக்கம் ஓட்ட

லாஸ்பேட்டை ரைடர்:

வணக்கம். 1.2 லட்சத்துக்குள்ள ஒரு ரோடு பைக் (மெல்லிசு டயர், வளைஞ்ச ஹேண்டில் இருக்கிற சைக்கிள்) எடுக்கணும். மூணு வண்டி பார்த்து வெச்சிருக்கேன். மூணும் அலுமினியம் ஃபிரேம், கார்பன் ஃபோர்க்.

முதலாவது ஷிமானோ கம்பெனியோட சோரா கியர் செட், 2x9 (முன்னாடி 2, பின்னாடி 9 பல்சக்கரம்), கேபிள்ல இழுக்கிற டிஸ்க் பிரேக். ரெண்டாவது ஷிமானோவோட டியாக்ரா 4700, 2x10, சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக். பழைய ஸ்டாக்குன்னு விலை குறைச்சுத் தர்றாங்க. மூணாவது ஸ்ராம் கம்பெனியோட ஏபெக்ஸ் 1x11, ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்துல பிடிக்கிற) டிஸ்க்.

ஓட்டப் போறது ஈ.சி.ஆர்.ல மரக்காணம் வரை, இல்லைன்னா கடலூர் சில்வர் பீச் வரை. எப்பவாச்சும் செஞ்சி. அடுத்த வருஷம் 200 கி.மீ. பி.ஆர்.எம். (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கிற நெடுந்தூர ஓட்டம்) ஓட்ட ஆசை. நம்ம ஊர் உப்புக்காத்துக்கு எந்தக் கம்பெனி பார்ட்ஸ் தாங்கும்? இப்ப சோரா எடுத்துட்டு அப்புறமா 11 ஸ்பீடு 105-க்கு (ஷிமானோவோட மேல் ரக செட்) மாத்திக்கலாமா?

ஸ்போக் கீ:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா பணம் அதிகமா வீணாகிறது அங்கதான். சோரா வாங்கி 105-க்கு மாத்தறது வேண்டாம். ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் (கியர் மாத்தற லீவர்) இழுக்கிற கேபிள் அளவு ரெண்டுலயும் வேற வேற. ரியர் டிரெய்லியரை (செயினைப் பின் பல்சக்கரங்கள்ல நகர்த்தற பாகம்) மட்டும் மாத்தினா செயின் எந்தப் பல்லுலயும் நேரா உக்காராது. ரெண்டு ஷிஃப்டர், ரெண்டு டிரெய்லியர், கேசட் (பின் பல்சக்கர அடுக்கு), செயின் எல்லாம் ஒண்ணா மாறணும். அதுக்கு மேல ஃப்ரீஹப், அதாவது பின் சக்கரத்துல கேசட் ஏறி உக்கார்ற பாடி. 11-28, 11-30 (சின்னது 11 பல், பெருசு 28 இல்ல 30 பல்) மாதிரி 11 ஸ்பீடு ரோடு கேசட்டுக்குப் பழைய பாடியை விட 1.85 எம்.எம். நீளம் கூடுதலா வேணும். நீளமான பாடியில 9 ஸ்பீடு போட ஒரு 1.85 ஸ்பேசர் போதும். குட்டைப் பாடியா இருந்தா அந்தக் கேசட் ஏறாது, வீல் செலவும் சேர்ந்துக்கும்.

டியாக்ரா 4700 விஷயம் வேற. பத்து ஸ்பீடுதான், ஆனா ரியர் டிரெய்லியரோட கேபிள் இழுப்பு 11 ஸ்பீடு ரோடு குடும்பத்தோட ஒத்துப் போகும். டிரெய்லியர் அடிபட்டா 105 ஆர்7000 டிரெய்லியரை வெச்சு ஓட்டலாம். ஆனா முந்தின டியாக்ரா 4600 டிரெய்லியர் இதுக்குச் சேராது. ரெண்டுமே பத்து ஸ்பீடு, ரெண்டுமே டியாக்ரான்னு மாட்டிட்டு, கியர் செட் ஆகலைன்னு ஷிஃப்டரைக் குறை சொல்றது நிறைய நடக்குது. டிரெய்லியர் பின்பக்கம் ஆர்.டி.-4700ன்னு அடிச்சிருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.

இன்னொண்ணு. "சோரா பைக்"னு விக்கிற வண்டியில ஷிஃப்டரும் டிரெய்லியரும் மட்டும் சோராவா இருக்கும். கிராங்க் (பெடல் மாட்டற கை), பிரேக், கேசட், செயின் நாலும் வேற கம்பெனியா இருக்கிறது சகஜம். வேற கம்பெனி செயின் நல்லாவே ஓடும், அதுல பயம் வேண்டாம். கிராங்கைத்தான் பார்க்கணும். இடது கிராங்க் கையில எதிரெதிரா ரெண்டு சின்ன ஆலன் போல்ட் இருந்தா அது 24 எம்.எம். குழாய் அச்சு, ஹாலோடெக் வகை. நடுவுல ஒரே பெரிய போல்ட்னா பெரும்பாலும் சதுர அச்சு. சதுர அச்சும் ஓடும்தான். ஆனா போல்ட் தளர்ந்த நிலையில ஓட்டினா கிராங்க் கையோட துளை பெருசாயிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது.

பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுத்தற பேரிங்) மரை போட்டதான்னும் கேளுங்க. அழுத்திப் பொருத்தற வகையில தண்ணியும் மணலும் போனா சத்தம் வரும், கழட்ட தனி டூல் வேணும். மரை வகைன்னா எந்த மெக்கானிக்கும் பார்த்துடுவார். வலது பக்கக் கப் மட்டும் தலைகீழ் மரைங்கிறது அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

தேவனாம்பட்டினம் கரை:

உப்பைப் பத்தி நான் சொல்றேன். எந்தக் கம்பெனியா இருந்தாலும் துரு பிடிக்கிற வரிசை ஒண்ணுதான்: முதல்ல செயின், அப்புறம் கேபிள், அப்புறம் போல்ட் தலைகள். அதனால இந்தக் கரையில "எது தாங்கும்"ங்கிறதை விட "எது சீக்கிரம், சுலபமா கிடைக்கும்"னு பார்க்கிறதுதான் சரி. அந்தக் கணக்குல ஷிமானோ முன்னாடி நிக்குது. 9 ஸ்பீடு, 10 ஸ்பீடு செயினும் கேசட்டும் ரெண்டு மூணு கம்பெனி போடறாங்க. ஸ்ராம் ரோடு ஷிஃப்டர் உடைஞ்சா சென்னையிலேருந்தோ பெங்களூருலேருந்தோ வர்ற வரைக்கும் வண்டி சுவத்துல சாஞ்சு கிடக்கும்.

ஏபெக்ஸ் ஹைட்ராலிக்ல ஊத்தறது டாட் 5.1 பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், கொதிநிலை குறையும். நம்ம ஊர் புழுக்கத்துல வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறது நல்லது. பெயின்ட்ல பட்டா உரிச்சிடும், உடனே துடைக்கணும். ஷிமானோ ஹைட்ராலிக்ல மினரல் ஆயில், அது ஈரம் இழுக்காது. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை ஊத்தினா உள்ள இருக்கிற ரப்பர் சீல் ஊதிப் போயிடும், பிரேக்கே காலி. கார் மெக்கானிக் கிட்ட டாட் கிடைக்குதேன்னு ஷிமானோவுல ஊத்திடாதீங்க. டாட் 5ன்னு மட்டும் போட்டிருக்கிற சிலிகான் ஆயிலும் ஸ்ராமுக்கு ஆகாது.

சோரா வண்டியில இருக்கிற கேபிள் டிஸ்க் மூணுலயும் எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. இந்த விலையில வர்றதுல பெரும்பாலும் ஒரு பக்கப் பேட் மட்டும்தான் நகரும். அது டிஸ்க்கை வளைச்சு எதிர்ப் பக்கப் பேட்ல அழுத்தும். நகராத பேட் தேயத் தேய அதோட ஸ்க்ரூவைத் திருப்பி டிஸ்க்குக்குக் கிட்ட கொண்டு வந்துக்கிட்டே இருக்கணும். கேபிளை மட்டும் இறுக்கிக்கிட்டே போனா லீவர் கெட்டியா இருக்கிற மாதிரி தெரியும், பிரேக் பிடிக்காது.

ரிம் பிரேக்குக்கும் ஒரு எதிரி உண்டு, ஆரோவில் பக்கத்துச் செம்மண். மழையில அந்த ரோட்டுல போனா மண் பேட்ல பதிஞ்சு ரிம்மை அறுக்கும். வந்ததும் பேடைப் பாருங்க. மினுமினுன்னு துகள் தெரிஞ்சா ஊசியால நோண்டி எடுத்துட்டு, உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு விடுங்க.

ஐம்பது முப்பத்துநாலு:

யாரும் பல் கணக்கு சொல்லலை. இங்க ஏத்தம் கிடையாது, காத்துதான் எதிரி. செஞ்சிக்குக்கூட ரோட்டுல பெரிய ஏத்தம் இல்ல, கோட்டைக்குத்தான் படி ஏறணும். மதியத்துக்கு மேல கடலூர் பக்கம் போனா தென்கிழக்குக் கடல்காத்து முகத்துல அடிக்கும். மார்கழியில மரக்காணம் பக்கம் போனா வாடைக்காத்து. எதிர்காத்துல மணிக்கு 28-லேருந்து 34 கி.மீ.க்குள்ள சின்னச் சின்ன இடைவெளியில கியர் வேணும். இல்லைன்னா ஒண்ணு கால் சுத்திக்கிட்டே இருக்கும், இல்ல முட்டி வலிக்கும்.

நிமிஷத்துக்கு 90 பெடல் சுத்து, 25 எம்.எம். டயர்னு வெச்சுக்கிட்டா, 50 பல் முன் சக்கரத்துல பின்னாடி 15, 17, 19 பல் தர்ற வேகம் 37.8, 33.4, 29.8. ஏபெக்ஸ் 1x11-ல வழக்கமா வர்ற 42 பல், 11-42 கேசட்ல 13, 15, 17-க்கு 36.6, 31.8, 28. அதாவது கூட்டமா போறப்ப அதிகம் ஓட்டற 33, 34-ல கியரே இல்ல. அந்தக் கேசட்ல 32, 36, 42 மூணும் மலைக்கு வெச்சது, இந்தக் கரையில சும்மா சுமந்துக்கிட்டுப் போகணும். மேடு பள்ளமான மண் ரோட்டுக்கு 1x அருமையான ஏற்பாடு. உங்க ரோட்டுக்கு இல்ல.

சோரா, டியாக்ரா வண்டியில பெரும்பாலும் 11-32 கேசட் வரும். அதுல 16, 18 இருக்கும், 17 இருக்காது. டியாக்ராவுக்கு 10 ஸ்பீடு 11-28 போட்டா 11-12-13-14-15-17-19-21-24-28. சோராவுக்கு 9 ஸ்பீடு 12-25 போட்டா 15, 17, 19, 21, 23ன்னு வரிசையா கிடைக்கும். கேசட் மாத்தினதும் டிரெய்லியரோட பி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, மேல் சின்னச் சக்கரத்தைக் கேசட்டுக்குக் கிட்ட கொண்டு வாங்க. தூரமா நின்னா கியர் மந்தமா விழும். பழைய 11-32-ஐத் தூக்கிப் போட வேண்டாம், ஏலகிரி போனா 14 கொண்டை ஊசி வளைவுக்கும் அதுதான் வேணும்.

200 பி.ஆர்.எம்.முக்கு 13 மணி 30 நிமிஷம் நேரம். மூணு வண்டியிலயும் முடிக்கலாம், குரூப்செட் (கியர், பிரேக் செட்) அதுக்குத் தடையே இல்ல.

லாஸ்பேட்டை ரைடர்:

ரொம்ப நன்றி சார், மூணு பேருக்கும். அப்ப டியாக்ரா பக்கம் சாயறேன். பழைய ஸ்டாக்குங்கிறதால கடையில எதை எதைப் பார்க்கணும்?

ஸ்போக் கீ:

டயரை மடக்கிப் பாருங்க. பக்கச் சுவத்துல மயிரிழை வெடிப்பு தெரிஞ்சா புது டயர் போட்டுத் தரச் சொல்லுங்க. 28 எம்.எம். போட நினைச்சா டயருக்கும் பிரேக் வளைவுக்கும் நடுவுல குறைஞ்சது 4 எம்.எம். இடம் இருக்கணும். ஷிஃப்டர் ரொம்ப நாள் சும்மா இருந்திருந்தா உள்ள கிரீஸ் இறுகி, லீவரை அமுக்கினா கிளிக் விழாம வழுக்கும். வலது லீவர்ல எல்லாக் கியரையும் ஏத்தி இறக்கிப் பார்த்துட்டுத்தான் பணம் கொடுக்கணும்.

கியர் கேபிளையும் அவுட்டரையும் (கேபிள் ஓடற உறை) புதுசா போடச் சொல்லுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. ஹேண்டில் டேப்புக்குள்ள போற ஷிமானோ ஷிஃப்டர்ல கேபிள் தலைக்குப் பக்கத்துல இழை இழையா பிரியும். கியர் மந்தமாகறதுதான் அறிகுறி. அப்படியே ஓட்டி உள்ள அறுந்தா, தலையை நோண்டி எடுக்க அரை நாள் போகும். பிரேக்குக்குக் கியர் அவுட்டரைப் போட விடாதீங்க. அதுல கம்பிகள் நீளவாக்குல ஓடும், பிரேக் அழுத்தத்துல பிளந்துடும்.

டிரெய்லியர் ஹேங்கர் (டிரெய்லியரை ஃபிரேம்ல பிடிக்கிற துண்டு) ஒண்ணு உபரியா அந்த வண்டியோடயே வாங்கிடுங்க. ஃபிரேமுக்கு ஃபிரேம் அது வேற, மாடல் நின்னுபோனா தேடிப் பிடிக்கிறது கஷ்டம்.

தேவனாம்பட்டினம் கரை:

ஒரு 12 இஞ்ச் ஸ்டீல் ஸ்கேலும் வெச்சுக்கோங்க தம்பி. புது செயின்ல ஒரு பின்னுலேருந்து 24-வது பின் சரியா 12 இஞ்ச். அது 1/16 இஞ்ச் தள்ளிப் போனா செயினை மாத்துங்க, கேசட் பிழைக்கும். 1/8 வரைக்கும் விட்டா கேசட்டும் சேர்ந்து போகும். கரையோரமா ஓட்டிட்டு வந்த அன்னைக்கே உலர்ந்த துணியால செயினைத் துடைச்சுட்டு ஆயில் விடுங்க, ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு. பத்து நிமிஷம் கழிச்சு வெளியில நிக்கிற ஆயிலைத் துடைச்சிடணும். இல்லைன்னா அடுத்த ஓட்டத்துல செம்மண்ணு அதுலதான் ஒட்டும்.