எரிக் கேன்டர் 2014: சொந்தக் கட்சிக்காரர்களே கவிழ்த்தது ஏன்?

சோழநாடன்:
குடியேற்றச் சட்டம் பற்றிப் பேசும்போது இங்கே ஒருவர் "கேன்டர் தோத்தாரு, அதோட எல்லாம் போச்சு" என்றார். அதைத் தனியாகப் பேசலாம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எரிக் கேன்டர், வர்ஜீனியா 7ஆவது தொகுதி, அப்போது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர். சபாநாயகர் ஜான் பேய்னருக்கு அடுத்த இடம், அடுத்த சபாநாயகரும் அவர்தான் என்று பேச்சு. 2014 ஜூன் 10 அன்று கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் தோற்றார். பிராட்டுக்கு சுமார் 55.5 சதவீதம், இவருக்கு 44.5. 1899இல் அந்தப் பதவி வந்ததிலிருந்து அதில் இருந்தவர் யாரும் பிரைமரியில் தோற்றதே கிடையாது.

என் கருத்து: அடித்தது குடியேற்றப் பிரச்சினைதான். சிறுவயதில் பெற்றோரோடு அனுமதியில்லாமல் வந்தவர்களுக்குச் சட்ட அங்கீகாரம் தரலாம் என்று கேன்டர் பேசினார். லாரா இங்க்ரம் மாதிரி வானொலிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பிராட்டைத் தூக்கி நிறுத்தினார்கள்.

கிளென் ஆலன் வாசி:
நான் அப்போ அந்தத் தொகுதியிலதான் குடியிருந்தேன். ஹெச்1பி வேலை விசா, ஓட்டு கிடையாது, ஆனா கண்ணு இருந்துச்சு. எதிர் வீட்டுப் பெரியவர் ஆயுசு முழுக்க குடியரசுக் கட்சிக்கே போட்டவர். மழை பேஞ்சு சாஞ்ச பிராட் பலகையைப் புல்தரையில நிமித்தி நட்டுக்கிட்டு இருந்தார். ஏன்னு கேட்டேன். குடியேற்றம்ங்கிற பேச்சே எடுக்கலை. "இந்த மனுஷனை நான் டிவியிலதான் பாக்குறேன்"னார்.

ஓட்டுப்பதிவு நடந்த அன்னிக்குக் காலைல கேன்டர் எங்க இருந்தார்? வாஷிங்டன்ல ஒரு ஸ்டார்பக்ஸ்ல, நன்கொடையாளர்களோட கூட்டத்துல. தொகுதிப் பக்கம் இருக்கிற ரிச்மண்ட் அங்கிருந்து ரெண்டு மணி நேரம்தான்.

வாக்குப்பெட்டி:
இரண்டு பேரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். வர்ஜீனியாவில் வாக்காளர் பட்டியலில் கட்சிப் பதிவு கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சி பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பென் ஜோன்ஸ், கேன்டரை வீழ்த்த பிராட்டுக்குப் போடுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். எதிர்க்கட்சி ஓட்டு உள்ளே புகுந்து கவிழ்த்த தேர்தல் இது.

கிளென் ஆலன் வாசி:
வாக்குப்பெட்டி சார், அதை நான் ஒத்துக்க மாட்டேன். வித்தியாசம் 7,000 ஓட்டுக்கு மேல. அவ்வளவு பேரும் மாற்றுக் கட்சிக்காரங்கன்னா, ஹானோவர், நியூ கென்ட் மாதிரி குடியரசுக் கட்சி கோட்டையில பிராட் அள்ளியிருக்க முடியாது. ஏதோ கொஞ்சம் வந்திருக்கும், மறுக்கலை.

இன்னொண்ணு. 2012 பிரைமரியில கேன்டர் வாங்கினது 37,000க்கு மேல. 2014ல 29,000கூட எட்டலை. மொத்தம் ஓட்டுப் போட்டவங்களோ 47,000லேர்ந்து 65,000 ஆனாங்க. வெளியிலேர்ந்து வந்தவங்க கணக்கு இருக்கட்டும், அவர் கையில இருந்த ஓட்டு எங்க போச்சு? தேர்தலுக்கு ஒரு மாசம் முன்னாடி ஹென்ரைக்கோவுல நடந்த தொகுதி மாநாட்டுல சொந்தக் கட்சிக்காரங்களே அவரைப் பேசவிடாம கூச்சல் போட்டாங்க. அவரோட ஆளு தொகுதித் தலைவர் பதவியை இழந்தார். அதைப் பாத்தும், 34 புள்ளி முன்னிலைன்னு சொன்ன தன் கருத்துக்கணிப்பைத்தான் நம்பினார்.

சோழநாடன்:
மாநாட்டில் அந்தக் கோபம் எதனால் வந்தது என்பதுதான் என் கேள்வி. பிராட் மேடைக்கு மேடை பேசியது என்ன? பெருநிறுவனங்களுக்கு மலிவான ஆள் பிடித்துக் கொடுக்கிறார் கேன்டர் என்றுதானே?

இதில் எனக்கு நேரடி வலி இருக்கிறது, மறைக்கவில்லை. 2013 ஜூனில் செனட் 68–32 என்று நிறைவேற்றிய குடியேற்ற மசோதா, வேலைவாய்ப்பு கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பையே நீக்கியிருக்கும். இந்தியர்கள் வரிசையில் வருஷக்கணக்காக நிற்பது அதனால்தான். கேன்டர் தோற்ற அதே மாதக் கடைசியில், இந்த ஆண்டு பிரதிநிதிகள் சபையில் அந்த மசோதாவை வாக்கெடுப்புக்கு விட மாட்டேன் என்று பேய்னர் சொல்லிவிட்டதாக ஒபாமா அறிவித்தார். என் கோப்பு இன்னும் அதே வரிசையில் கிடக்கிறது.

தென்றல்:
சோழநாடன், உங்கள் வலி புரிகிறது. எங்கள் வீட்டிலும் அதே வரிசைதான். ஆனால் விளைவை வைத்துக் காரணத்தை முடிவு செய்யாதீர்கள். அதே ஜூன் 10 அன்று தென் கரோலினாவிலும் பிரைமரி நடந்தது. லிண்ட்சே கிரகாம் நீங்கள் சொல்லும் மசோதாவை எழுதிய எட்டு செனட்டர்களில் ஒருவர். ஆறு பேர் எதிர்த்து நின்றார்கள், அவர் சுமார் 56 சதவீதத்தோடு ஜெயித்தார். குடியேற்றம்தான் ஆளைக் கவிழ்க்கும் என்றால் முதலில் விழுந்திருக்க வேண்டியவர் அவர்தான்.

கேன்டரின் செலவுக் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 50 லட்சம் டாலருக்கு மேல். அதில் ஸ்டேக் (மாட்டிறைச்சி) உணவகங்களுக்கு மட்டும் 1,68,637 டாலர். பிராட்டின் மொத்தப் பிரசாரமே சுமார் 2 லட்சம். போதாததற்கு "தாராளவாதப் பேராசிரியர்" என்று விளம்பரம் போட்டு, யாருக்கும் தெரியாத பிராட்டின் பெயரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததே கேன்டர் தரப்புதான்.

சோழநாடன்:
கிரகாம் விஷயம் நியாயமான அடி. பதில் யோசிக்க வேண்டும். ஆனால் ஆறு பேர் நின்றதால் அங்கே எதிர்ப்பு ஓட்டு சிதறியது, கேன்டருக்கு எதிரே பிராட் ஒருவர்தான். அதையும் கணக்கில் எடுங்கள்.

தென்றல்:
சிதறினாலும் பாதிக்கு மேல் கிரகாமுக்குத்தானே விழுந்தது? ஆறு பேர் ஓட்டையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அவரைத் தொடவில்லை.