பாட்டி வீட்டு குரூப்: குமாருக்கு வந்த நோட்டீஸ்

குமார்: ஒவ்வொருவராகப் போன் அடிக்க வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிடங்கில் ஆள் குறைக்கிறார்கள், நானும் அந்த லிஸ்டில் இருக்கிறேன். வாடகை இரண்டு மாதம் பாக்கி. மாதக் கடைசிக்குள் காலி செய்யாவிட்டால் பூட்டை மாற்றிவிடுவேன் என்று வீட்டுக்காரர் எழுதிவிட்டார். பிள்ளைகளின் பள்ளி உடுப்பைத் தவிர எல்லாவற்றையும் லதா மூட்டை கட்டிவிட்டாள்.

ராணி அத்தை: ஐயோ. செந்தூலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கப்பா, ஹாலில் படுத்துக்கொள்ளலாம்.

மகேஸ் அக்கா: அத்தை, கொஞ்சம் இருங்கள். தம்பி, நீதிமன்ற ஆணை இல்லாமல் அவர் பூட்டை மாற்ற முடியாது. நம் மலேசியாவில் அதற்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, எங்கள் வக்கீல் ஆபீஸுக்கு இதே கேள்வியோடு எத்தனையோ பேர் வருகிறார்கள். ஆனால் பாக்கி பாக்கிதான், அதற்கு அவர் கேஸ் போடலாம், வாரண்டு வாங்கிச் சாமானை எடுக்கவும் வழி உண்டு.

செல்வம் மாமா: சட்டம் பேசினால் அவருக்குக் கோபம்தான் ஏறும். எனக்குத் தெரிந்தவர் ஒருத்தர் ஐயாயிரம் வெள்ளி உடனே தருவார்.

தினேஷ்: மாமா, அது ஆலோங், லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்! அண்ணே, அந்தப் பக்கமே போகாதீங்க, கட்டத் தவறினால் கதவில் சிவப்புச் சாயம்தான்.

மகேஸ் அக்கா: வேலையிலிருந்து நிறுத்துவதாகக் கடிதம் தந்தார்களா?

குமார்: ராஜினாமா என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

மகேஸ் அக்கா: போடாதே! நீயாக வேலையை விட்டதாக எழுதினால் பெர்கேசோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எஸ்ஐபி பணம், அதாவது வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதிப் பணம், கிடைக்காது. ஆட்குறைப்புக் கடிதம்தான் கேள். வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, அப்புறம் இன்னும் குறையும். மாதாமாதம் உன் சம்பளத்தில் பிடித்ததுதானே, யாரும் தர்மம் செய்யவில்லை.

குமார்: இபிஎஃப் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கில் 640 வெள்ளி இருக்கிறது.

மகேஸ் அக்கா: அதை எடுத்து வீட்டுக்காரருக்குக் கட்டு. மீதியை மாதம் இவ்வளவு தருகிறேன் என்று எழுத்தில் கேள். டெபாசிட்டில் கழிக்கச் சம்மதித்தால் அதுவும் எழுத்தில் இருக்கட்டும்.

ராணி அத்தை: எங்கள் பிபிஆர் (அரசாங்கக் குறைந்த வாடகை அடுக்குமாடி) வீட்டு வாடகை மாதம் 124 வெள்ளிதான், மனுப் போட்டு வை. பக்கத்து வீட்டு அம்மா வருஷக்கணக்கில் காத்திருந்துதான் வந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தினேஷ்: ஆட்குறைப்புக் கடிதம் வந்ததும் சொல்லுங்கண்ணே, எஸ்ஐபி மனுவை ஆன்லைனில் நான் போட்டுத் தருகிறேன்.

செல்வம் மாமா: சரி சரி. லதா கணக்கில் 300 போட்டிருக்கிறேன், திருப்பித் தர வேண்டாம்.

குமார்: மாமா, அது அவளுடைய பழைய கணக்கு...

மகேஸ் அக்கா: தம்பி, முதலில் அந்த ராஜினாமாத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.