தவிட்டில் டிரைக்கோடெர்மா: நிறம் வருகிறது, செல்லுலேஸ் வேலை செய்யவில்லை

கேள்வி

டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையின் ரூட்-சி30 வகையைக் கொண்டு, திடநிலை நொதித்தலில் (நீரில் அல்லாமல் ஈரத் தவிட்டில் வளர்த்து) செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் நொதியை எடுக்கிறோம். 250 மி.லி. பிளாஸ்க்கில் 10 கிராம் கோதுமைத் தவிடு, 20 மி.லி. மேண்டல்ஸ் உப்புக் கரைசல் (பூஞ்சைக்கான தாது உப்புக் கலவை), அதில் 2 சதவீதம் குளுக்கோஸ். 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ், பிறகு 30 டிகிரியில் 7 நாள். மேற்பரப்பு வெள்ளையாகப் படர்ந்து 5ஆம் நாளில் பச்சையாகிறது. அடித்தவிடு கட்டிபட்டு ஈரமாக, லேசான அம்மோனியா வாடையோடு இருக்கிறது. சர்க்கரையை நிறத்தால் காட்டும் டி.என்.எஸ். சோதனையில் நிறம் நன்றாக ஏறுகிறது. ஆனால் அதே நொதியைக் காகிதக் கூழில் போட்டால் சர்க்கரை வருவதில்லை. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1

முதலில் தண்ணீர். தவிட்டில் ஏற்கெனவே 10 சதவீதம் ஈரம் என்று வையுங்கள். 9 கிராம் உலர்பொருள், 1 கிராம் நீர். 20 மி.லி. சேர்த்தால் ஈரப்பதம் 70 சதவீதம். துகள்களுக்கு இடையே உள்ள காற்றுவழி அடைபட்டு, அடியில் ஆக்சிஜன் போகாது. பூஞ்சை இழை அங்கே இறங்காது, பாக்டீரியா பெருகும். நீங்கள் சொல்லும் கட்டியும் வாடையும் இதற்கே பொருந்துகின்றன. 60 சதவீதம் வேண்டுமென்றால் மொத்தம் 12.5 மி.லி. போதும்: 11.5 உப்புக் கரைசல், 1 மி.லி. வித்துக் கரைசல். வித்துக் கரைசலில் மி.லி.க்கு 10 கோடி வித்துகள் இருந்தால் ஒரு கிராம் தவிட்டுக்கு 1 கோடி விழும். வித்தை நன்றாகக் கலந்துவிடுங்கள், மேலே தெளித்து விட்டுவிடாதீர்கள்.

குளுக்கோஸை எடுத்துவிடுங்கள். ரூட்-சி30இல் செல்லுலேஸ் உற்பத்திக்குக் குளுக்கோஸ் போடும் தடை பெருமளவு தளர்ந்திருப்பது உண்மை. ஆனால் தடை தளர்வது வேறு, தூண்டுவது வேறு. அதற்குப் பதில் 1 கிராம் நுண்படிகச் செல்லுலோஸ் அல்லது லாக்டோஸ் சேர்க்கலாம்.

பதில் 2

நிறம் ஏறுவதை நம்ப வேண்டாம். தவிட்டிலிருந்தே ஒடுக்கும் சர்க்கரை சாற்றில் இறங்கும், டி.என்.எஸ். அதையும் காட்டும். நொதி பிளாங்க் (ஒப்பிட்டுக் கழிக்கும் வெற்றுச் சோதனை) கட்டாயம்: 1 மி.லி. பஃபர், 0.5 மி.லி. நொதி, காகிதம் கிடையாது. உண்மைச் சோதனையில் இதோடு 50 மி.கி. எடையுள்ள 1 × 6 செ.மீ. வாட்மேன் 1 பட்டை, பி.எச். 4.8 சிட்ரேட் பஃபர், 50 டிகிரி, 60 நிமிடம். பிறகு 3 மி.லி. டி.என்.எஸ்., கொதிநீரில் 5 நிமிடம். பிளாங்கைக் கழித்தபின் 2 மி.கி. குளுக்கோஸைச் சற்றுத் தாண்டும் ஒரு நீர்த்தலும், சற்றுக் குறையும் ஒன்றும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே சரியாக 2 மி.கி. தரும் நொதிச் செறிவைக் கணக்கிட்டு, 0.37ஐ அதனால் வகுத்தால் மி.லி.க்கான எஃப்.பி.யு. (வடிதாள் சோதனை அலகு). நீர்க்காத நொதியே 2 மி.கி.யை எட்டாவிட்டால் எஃப்.பி.யு. என்று எழுதக் கூடாது, கரையும் செல்லுலோஸ் வகையான சி.எம்.சி.யை வைத்துச் செய்யும் சோதனைக்குப் போங்கள்.

கேட்டவர்

நன்றி. தட்டுக்கு மாறினால் எவ்வளவு தடிமன் பரப்பலாம்? அறுவடை எப்போது?

பதில் 1

2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். தவிடு வெப்பத்தைக் கடத்தாது. அறை 28 டிகிரியில் இருந்தாலும் படுகையின் நடு சூடேறிவிடும், இந்தப் பூஞ்சைக்கு 35ஐத் தாண்டினாலே நொதி விழும். வெப்பமானியை நடுவில் செருகிப் பாருங்கள், ஓரத்தில் அல்ல. காற்றை ஈரமாக வைக்காவிட்டால் மேற்பரப்பு காய்ந்துவிடும். கிளறுவதைக் குறையுங்கள், இழை அறுபடும்.

அறுவடை நாளைக் காலண்டரை வைத்து முடிவு செய்யாமல், 3ஆம் நாளிலிருந்து தினமும் ஒரு மாதிரி எடுத்து அளந்து உச்சத்தில் நிறுத்துங்கள். பச்சை முழுக்கப் பரவியபின் காத்திருந்தால் புரதத்தை உடைக்கும் ப்ரோட்டியேஸ் உங்கள் செல்லுலேஸைத் தின்ன வாய்ப்புண்டு. வித்து ஒவ்வாமை தரும், முகக்கவசம் இல்லாமல் தட்டைத் திறக்காதீர்கள்.

பதில் 2

எடுப்பதற்கு: 10 கிராம் தவிட்டுக்கு 0.1 சதவீத ட்வீன்-80 (சோப்பு போன்ற பொருள்) கலந்த 100 மி.லி. சிட்ரேட் பஃபர், 150 ஆர்.பி.எம்.மில் ஒரு மணி நேரம். மெல்லிய துணியில் பிழிந்து, குளிர்ந்த நிலையில் சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகும் கூழில் குளுக்கோஸ் குறைந்தால், செல்லோபயோஸ் (இரண்டு குளுக்கோஸ் இணைந்த சர்க்கரை) தேங்குகிறதா என்று பார்க்கவும். அதைக் குளுக்கோஸாக உடைப்பது பீட்டா-குளுக்கோசிடேஸ் நொதி, ரீசி அதை வெளியிடுவது குறைவு; தேங்கும் செல்லோபயோஸ் செல்லுலேஸையே தடுக்கும். இந்த நொதியைத் தரும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையைத் தனித் தட்டில் வளர்த்து, அந்தச் சாற்றைக் கலப்பதுதான் எளிது. இரண்டையும் ஒரே தட்டில் வளர்த்தால் ஒன்று மற்றதை அமுக்கிவிடலாம்.