புதுப்பிப்பு: காசிமேட்டுப் படகு எஞ்சினின் சோக் கதை

காலையில் பத்துப் பதினைந்து முறை கயிறு இழுத்தால்தான் என் படகின் பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சின் கிளம்புகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். ஸ்பார்க் பிளக்கை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன், பலனில்லை.

நேற்று காசிமேட்டில் மூடியைக் கழற்றி, சோக் (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றைத் தடுக்கும் தகடு) குமிழை இழுத்தபடி, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சோக் தகடு முக்கால்வாசிதான் மூடியது. ஓரத்தில் பிறைபோல ஓர் இடைவெளி. இணைப்புக் கம்பியில் உப்பு பூத்து இறுகிக் கிடந்தது. அவ்வளவு காற்று புகுந்தால் குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடிய கலவை எங்கே கிடைக்கும்?

துருநீக்கி அடித்துத் தேய்த்துக் கம்பியைச் சரிசெய்தேன். அப்புறம் பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பைக் கெட்டியாகும்வரை அமுக்கினேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது! பக்கத்துப் படகு அண்ணன், "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்கிறார். சொல்லவேயில்லை.

சூடான பிறகும் மெதுவாக ஓடும்போது லேசாக விக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஐடில் ஜெட்டை (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளைப் பாகம்) கழற்ற வேண்டும்.