பல்கலைக்கழகத்து மாணவர் யூனியன் கட்டடத்தில் நடந்த எது உங்களுக்கு இன்னும் மறக்கவில்லை?

கண்டனூர்க்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ். முதல் செமஸ்டர், டிசம்பர் மாதம், மறுநாள் பரீட்சை. யூனியன் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை: கீழே சாப்பாட்டுக் கடைகள், ஏடிஎம், மேலே ஸோஃபாக்கள், மூலையில் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம் என்று ஒரு பியானோ. ரூமில் ஹீட்டர் மக்கர் பண்ணியதால் ராத்திரி பதினொரு மணிக்குப் புத்தகத்தோடு அங்கே போனவன் அப்படியே தூங்கிவிட்டேன். யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தால் காக்கி இல்லை, ஆனால் யூனிஃபார்ம். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்று, பையைத் தோளில் மாட்டி, ஐடி கார்டை நீட்டி, "சாரி சார், போயிடுறேன் சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் கார்டைப் பார்க்கவே இல்லை, தரையைக் காட்டினார். என் மூக்குக் கண்ணாடி கீழே கிடந்தது. யாராவது மிதித்துவிடப் போகிறார்கள் என்று எழுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஹாலுக்குப் போய்விட்டார்.

நான் அப்புறம் தூங்கவில்லை. ஊரில் நாலு வருடம் படித்த காலேஜில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் போதும், "எந்த டிபார்ட்மென்ட்டு, இங்க என்ன வேலை" என்று வாட்ச்மேன் வந்துவிடுவார். மூளைக்குத் தெரியும் இது வேறு ஊர் என்று. காலுக்குத் தெரியவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:

நான் வெளிநாடு போகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். காரைக்குடிப் பக்கம்தான் காலேஜ், காலையில் ஏழரை பஸ், சாயங்காலம் ஐந்தரை பஸ். நடுவில் ஹாஸ்டல்காரிகளுக்கு ரூம் இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது? பெண்கள் ஓய்வறை என்று ஒன்று இருந்தது. போர்டு இருந்தது, ஃபேன் இருந்தது, பூட்டும் இருந்தது. சாவி ஆபீஸ் அண்ணனிடம். அவர் சாப்பிடப் போகிற நேரமும் எங்களுக்கு மதிய இடைவேளை விடுகிற நேரமும் ஒன்று. மூன்று வருடமும் இதே கதை. ஐப்பசி மழையில் ஒருநாள் அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டே, டிபன் பாக்ஸ் மூடியில் மழைச்சாரல் விழ விழ, நானும் இன்னொருத்தியும் தயிர்சாதம் சாப்பிட்டோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே நாற்காலிகளின் மேல் போட்ட பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

அதனால் கண்டனூர் அண்ணன் ஸோஃபாவில் தூங்கினேன் என்று எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது, மன்னிக்கவும்.

பள்ளத்தூர் ரிட்டயர்டு:

தம்பி, தங்கச்சி, இரண்டு பேருக்கும் ஒரு விஷயம். நம் ஊர்க் காலேஜைக் குறை சொல்வதற்கு முன்னால் யார் கட்டினார்கள் என்று நினைக்க வேண்டும். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். கானாடுகாத்தான்காரர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமே தொடங்கினார். அமெரிக்காவில் அந்த ஸோஃபாவும் சும்மா வரவில்லை. செமஸ்டர் பில்லை எடுத்துப் பாருங்கள், ஸ்டூடன்ட் ஃபீ என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலான இடங்களில் யூனியன் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. காசு கொடுத்துவிட்டுத்தான் தூங்கியிருக்கிறீர்கள், பயப்படத் தேவையே இல்லை.

என் அனுபவம் சின்னது. மகளைப் பார்க்கப் போயிருந்தபோது மிச்சிகன் யூனியனில் பாத்ரூம் தேடிக்கொண்டு வாசல் படியேறினேன். படியில் ஒரு வட்டப் பட்டயம். 1960 அக்டோபர் 14, விடிகாலை இரண்டு மணிக்கு, அப்போது ஜனாதிபதி வேட்பாளராக இருந்த கென்னடி அங்கே நின்று, வளரும் நாடுகளுக்குப் போய் வேலை செய்ய உங்களில் எத்தனை பேர் தயார் என்று மாணவர்களிடம் கேட்டாராம். அடுத்த வருடம் அப்படிப் போகிற தன்னார்வலர்களுக்கென்று பீஸ் கோர் அமைப்பு வந்தது. அவசரத்திலும் நின்று படித்தேன்.

இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். யூனியன் என்றால் இரண்டு அர்த்தம். ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் (1823), கேம்பிரிட்ஜ் யூனியன் (1815) எல்லாம் விவாத மன்றமாக ஆரம்பித்தவை. அமெரிக்காவில் யூனியன் என்றால் மாணவர்கள் கூடுகிற கட்டடம், அதற்கென்றே அங்கே கட்டிய முதல் கட்டடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஹூஸ்டன் ஹால், 1896. போன முதல் வாரமே தகவல் மேசைக்குப் போய் என்னென்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். வெளியே தங்கிப் படிப்பவர்களுக்கு லாக்கர் உண்டா, மைக்ரோவேவ் எந்த மாடியில், பிரின்ட் எத்தனை பக்கம் இலவசம், வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வக்கீல் உண்டா. பல இடங்களில் உண்டு, கையெழுத்துப் போட்ட பிறகு போகாதீர்கள், போடுவதற்கு முன்னால் போங்கள். பதிவு செய்த மாணவர் சங்கமாக இருந்தால் மீட்டிங் ரூம் பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும், ஆனால் வாரக்கடைசிக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிவைக்க வேண்டும். தொலைந்த பொருளைத் தேடவும் அங்கேதான் முதலில் போகவேண்டும், குடையாக இருந்தால் எந்தக் குடை என்று அடையாளம் கேட்பார்கள், கறுப்பு என்று சொன்னால் நாற்பது கறுப்புக் குடையைக் காட்டுவார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் போகிற புதுப் பிள்ளைகள் வருமானமே இல்லாவிட்டாலும் 8843 என்ற வரித்துறைப் படிவம் அனுப்ப வேண்டும், அதற்கும் உதவி முகாம் போடுவார்கள், நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். செல்போனையே பார்த்துக்கொண்டு நடந்தால் நோட்டீஸ் போர்டு கண்ணில் படாது.

தேவகோட்டை ரஸ்தா:

ஐயா, கட்டியவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூட்டியவர்களைச் சொன்னேன். நீங்கள் பட்டயம் படித்த அதே மிச்சிகன் யூனியனில் பெண்களை முன்வாசல் வழியாக விடாத காலமும் இருந்தது, பக்கத்து வாசல்தான். அதைப் பட்டயத்தில் போட்டிருந்தார்களா?

குத்துவிளக்கு:

சண்டைக்கு நடுவே என் விளக்குக் கதை. எங்கள் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்கள் பொங்கலுக்கு யூனியன் பெரிய ஹாலை எடுத்தோம். வெளிச்சாப்பாடு கூடாது, அவர்கள் கேட்டரிங்தான் என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடி இனிப்புக்கு மட்டும் அனுமதி வாங்கி, கவுனி அரிசியும் கந்தரப்பமும் மூன்று பேர் அபார்ட்மென்ட்டில் செய்து கொண்டுவந்தோம். விளக்குக்கு முடியாது என்றுவிட்டார்கள், எரிகிற நெருப்பு எதுவும் ஹாலில் கூடாதாம். ஆத்தா துணியில் சுற்றி என் பெட்டியில் வைத்துவிட்ட பித்தளை விளக்கு, ஐந்து முகத்திலும் பேட்டரி மெழுகுவத்தி. வீடியோ காலில் ஆத்தா முதலில் பார்த்தது ஹாலை அல்ல, கூட்டத்தை அல்ல, "ஒரு முகம் அணைஞ்சிருக்கே" என்றாள். அணையவில்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது. யூனியனில் வேலை பார்த்த சீன மாணவன் ஒருவன் என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டானோ, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்த பேட்டரியை எடுத்து நீட்டினான். சைஸ் சேரவில்லை. நாலு முகத்தோடுதான் பொங்கல் நடந்தது.

பெயர் வேண்டாம்:

பள்ளத்தூர் ஐயா நிறையச் சொன்னார், ஒன்றை விட்டுவிட்டார். பல யூனியன்களில் மாணவர்களுக்கு இலவச மளிகை அறை ஒன்று இருக்கும். எங்களுடையது அடித்தளத்தில், தபால் பெட்டிகளுக்குப் பின்னால். எனக்கு உதவித்தொகை இரண்டு மாதம் தாமதமானது. மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன், நாலாவது தடவை உள்ளே போனேன். கார்டைத் தேய்த்தார்கள், எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரே கேள்வி: "பை இருக்கிறதா, தரட்டுமா?" அரிசி, கறுப்பு பீன்ஸ் டின் இரண்டு, வெங்காயம், ஒரு பாக்கெட் பால்பவுடர். எங்கள் ஐயா வீட்டுக் கல்யாணத்தில் வளவு, அதாவது வீட்டு உள்முற்றம், நிறையப் பந்தி நடக்கும், எனக்குப் பத்து வயதிருக்கும்போது இலை எண்ணுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி அம்மா என்ன சமைத்தாய் என்று கேட்டாள். கடையில் வாங்கிய பீன்ஸ் என்று சொன்னேன். இன்று வரை அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

புதுவயல்:

யூனியனை வளவு மாதிரி என்று யாரோ எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், நல்லவேளை எழுதவில்லை. வளவுக்குள் எல்லோரும் வரமுடியாது. திண்ணை என்றால் ஒத்துக்கொள்வேன், வழிப்போக்கன் படுத்துவிட்டுப் போகலாம், யாரென்று கேட்கமாட்டார்கள்.

நான் இங்கிலாந்து. அங்கே யூனியன் பல்கலைக்கழகத்தின் ஒரு துறை இல்லை, மாணவர்களுடைய தனி அமைப்பு. அதனால் பல்கலைக்கழகத்தை எதிர்த்தே ஒரு முறையீடு எழுதவேண்டும் என்றாலும் அங்குள்ள ஆலோசகர் கூட உட்கார்ந்து உதவுவார். காய்ச்சலில் ஒரு பரீட்சை போய்விட்டது, நான் ஒன்றரைப் பக்கக் கடிதத்தோடு போனேன். அந்த அம்மா பென்சிலை எடுத்து முதல் பத்தி முழுக்கக் கோடு போட்டார். ஐயா சமூகத்திற்குப் பணிந்து, மன்னித்தருளி, கருணைகூர்ந்து என்பதையெல்லாம் இங்கிலீஷில் எழுதிவைத்திருந்தேன். "நீ என்ன தப்பு செய்தாய்?" என்றார். காய்ச்சல் வந்தது என்றேன். "அது தப்பா?" மிச்சம் ஏழு வரி நின்றது. டாக்டர் சீட்டோடு அதைத்தான் கொடுத்தோம், மறுபரீட்சை கிடைத்தது.

கண்டனூர் தம்பி, கார்டை நீட்டியது நீங்கள் மட்டும் இல்லை.

கண்டனூர்க்காரன்:

அண்ணே, அந்தக் கோடு போட்ட கடிதம் இன்னும் வைத்திருக்கிறீர்களா?

தேவகோட்டை அக்கா, போன மாதம் ஊருக்கு வந்தபோது என் பழைய காலேஜ் பக்கம் போனேன். வேப்பமரத்தைச் சுற்றி சிமென்ட் மேடை கட்டியிருக்கிறார்கள். மதியம் ஒரு மணி, யாரும் உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டேதான் பார்த்தேன்.

தேவகோட்டை ரஸ்தா:

அந்த வெயிலில் சிமென்ட்டில் யார் உட்காருவார்கள்.